எம்.பி.யை எதை வைத்து எடைபோடுவது: வருகையா, நிதியா, கேள்வியா, வாக்கா?

2019 டிசம்பர் 11 இரவு மாநிலங்களவையில் குடியுரிமைத் திருத்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரித்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற அதிமுக உறுப்பினர்கள் 11 பேரும் பாமகவின் அன்புமணி ராமதாஸும் அடக்கம். இந்த 12 பேரும் எதிர்த்து வாக்களித்திருந்தால் ஆதரவு 113, எதிர்ப்பு 117 என்று ஆகியிருக்கும். மசோதா தோற்றிருக்கும். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் பெயர் சொல்லும் அந்தச் சட்டத்தில், தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்தாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இடமில்லை.

தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்குப் போகும் ஒருவர் தன் பதவிக்காலம் முழுவதிலும் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடக் கனமானது அநேகமாக இருக்காது. ஆனால், தேர்தல் நேரத்தில் நாளிதழ்களில் வரும் எம்.பி. செயல்பாட்டு அட்டவணைகளைப் பாருங்கள். வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, பங்கேற்ற விவாதங்கள் இத்தனை, செலவிட்ட தொகுதி நிதி இத்தனை கோடி என்று கட்டங்கள் இருக்கும். எந்த மசோதாவுக்கு எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று ஒரு கட்டம் இருக்காது.

பதவியில் இருக்கும் எம்.பி. மறுபடியும் கை கூப்பிக்கொண்டு தெருவுக்கு வரும்போது அவருக்கு வாக்களிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய நம் கையில் நான்கு அளவுகோல்கள் இருக்கின்றன: வருகை, தொகுதி நிதி, கேள்விகள், வாக்குகள். இவற்றில் வாக்குதான் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், இந்தியாவில் படிப்பதற்கு மிகக் கடினமான பதிவும் அதுதான். பெரும்பாலான வாக்குகள் பதிவாவதே இல்லை. பதிவானவற்றிலும் பெரும்பாலானவை அந்த மனிதரின் முடிவாக இருப்பதில்லை. அதனால் மற்ற அளவுகோல்களையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒரு முடிவுக்கு வர முடியும்.

வருகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அவைக்கு வந்ததற்கு அடையாளம் வருகைப் பதிவு. அதைச் செய்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே போனாலும் அன்று முழு வருகைதான். அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியதில்லை என்பதால், மத்திய அமைச்சராக இருந்த எம்.பி.யை இந்த அளவுகோலால் அளக்கவே முடியாது. 17ஆவது மக்களவையில் சராசரி வருகை சுமார் 79 சதவீதம். அதாவது, 80 சதவீத வருகையைப் பெருமையாகத் துண்டறிக்கையில் அச்சடிக்கும் எம்.பி. எல்லோரையும் போல வந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். இந்த எண்ணுக்கு ஒரே ஒரு பயன் உண்டு. நோயோ சிறையோ போன்ற காரணம் எதுவும் இல்லாமல் ஒருவரின் வருகை 30, 40 சதவீதத்தில் நின்றால், மேற்கொண்டு எதையும் பார்க்காமல் அவரைத் தள்ளிவிடலாம். நிராகரிப்பதற்கு மட்டும் பயன்படும் அளவுகோல் இது.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசுகிறோம். பேருந்து நிழற்குடை, உயர்கோபுர விளக்கு, சமுதாயக்கூடம், ஒவ்வொன்றிலும் எம்.பி.யின் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். 1993 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. இப்போது ஒரு உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஆறாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 83 லட்சம் சொச்சம். அதுவும் எம்.பி. பரிந்துரைக்கத்தான் செய்கிறார். மதிப்பீடு, ஒப்பந்தம், பணி எல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் கையில். கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் இந்த நிதியையே மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2021 நவம்பரில்தான் மீண்டும் வந்தது. அந்தக் காலத்து எம்.பி.யிடம் போய் ‘என்ன கட்டினீர்கள்?’ என்று கேட்பதில் நியாயமில்லை. நிழற்குடை வேண்டாம் என்று சொல்லவில்லை. வெயிலில் நிற்பவருக்கு அது தேவைதான். ஆனால் ஊராட்சியும் நகராட்சியும் செய்யக்கூடிய வேலைக்காக ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்புவதில்லை. நான்கில் கடைசி இடம் இதற்கு.

கேள்விகள் வேறு ரகம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியில்லாத கேள்விகளும் இடம்பெறுகின்றன. முதல் வகைக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். இரண்டாம் வகைக்கு எழுத்தில் பதில். எந்தக் கேள்வி எந்த இடத்தில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஆகவே ஒருவர் 400 கேள்வி கேட்டார், இன்னொருவர் 150 கேட்டார் என்பதில் பாதி அதிர்ஷ்டம், மீதியில் கணிசமான பங்கு அவருடைய உதவியாளரின் உழைப்பு. எண்ணிக்கையை நம்புவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2005 டிசம்பரில் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக இரகசியக் கேமராவில் சிக்கிய 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். மக்களவையிலிருந்து 10 பேர், மாநிலங்களவையிலிருந்து ஒருவர். அவர்கள் கேட்டவையும் அட்டவணையில் கேள்விகளாகத்தான் சேர்ந்திருக்கும்.

அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, உங்கள் எம்.பி. கேட்டதில் பத்துக் கேள்விகளையாவது முழுசாகப் படியுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினரின் பெயரைப் போட்டால் கேள்வியும் பதிலும் கிடைக்கும். ‘சுற்றுலாவை மேம்படுத்த அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன?’ என்ற ரகக் கேள்விக்கு, ஏற்கெனவே துறையின் ஆண்டறிக்கையில் இருப்பதையே அமைச்சகம் திருப்பித் தரும். ‘இலங்கைச் சிறைகளில் இன்றைய தேதியில் தமிழ்நாட்டு மீனவர்கள் எத்தனை பேர், பறிமுதலான படகுகள் எத்தனை, திரும்பக் கிடைத்தவை எத்தனை?’ என்ற கேள்விக்கு எண்ணோடுதான் பதில் வர வேண்டும். அந்தப் பதில் அரசின் எழுத்துபூர்வ வாக்குமூலம். அதை வைத்து நாளிதழ் எழுதலாம், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். இரண்டாம் ரகக் கேள்விகளை ஒரு எம்.பி. விடாமல் கேட்டிருந்தால், கட்சி சொல்லாமலேயே அவர் வேலை செய்திருக்கிறார் என்று பொருள். மனிதரின் தரத்தை அறிய இதைவிட நல்ல இடம் நம் நாடாளுமன்றத்தில் குறைவு.

குறைவு என்றேன், இல்லாமல் இல்லை. அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் தாமே கொண்டுவரும் தனிநபர் மசோதா அப்படியொன்று. வெள்ளிக்கிழமை பிற்பகலில், பாதி உறுப்பினர்கள் ஊருக்கு விமானம் ஏறக் கிளம்பிவிட்ட நேரத்தில் எடுத்துக்கொள்ளப்படும் விஷயம் அது. 1970க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. அந்த வறட்சிக்கு நடுவில் 2015 ஏப்ரல் 24 அன்று திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. ஒரு அவையாவது தனிநபர் மசோதாவை நிறைவேற்றிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. திரும்பப் பெறும்படி அரசுத் தரப்பு கேட்டும் அவர் பின்வாங்கவில்லை. மக்களவையில் அது தேறவில்லை. பின்னால் அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. அது சிவாவின் மசோதாவைவிடப் பலவீனமானது என்று திருநர் அமைப்புகளே போராடின. ஆனாலும் ஒரு மனிதரின் அரசியல் வாழ்க்கையில் இந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு, நூறு சதவீத வருகைக்கு மேலான மதிப்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

கூட்டுக் குழு, நிலைக்குழு அறிக்கைகளின் பின்னிணைப்பில் வரும் எதிர்க்கருத்துக் குறிப்புகளும் இதே வகை. வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழுவில் 2025 ஜனவரியில் அறிக்கை 15க்கு 11 என்ற கணக்கில் ஏற்கப்பட்டது. குழுவில் திமுக சார்பில் இருந்த ஆ. ராசாவும் எம்.எம். அப்துல்லாவும் எதிர்க்கருத்துக் குறிப்பு கொடுத்தார்கள். குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. இந்தக் குறிப்புகள்தான் அந்த அறையிலிருந்து நமக்கு வரும் கையெழுத்திட்ட சாட்சியம். இவற்றைப் படிப்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இனி வாக்கு.

அவைத்தலைவர் ‘ஆதரிப்போர் ஆம் என்க, எதிர்ப்போர் இல்லை என்க’ என்று கேட்டு, எந்தச் சத்தம் பெரிது என்று கணித்து முடிவை அறிவிப்பது குரல் வாக்கெடுப்பு. பெரும்பாலான மசோதாக்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. யார் ‘ஆம்’ என்றார், யார் ‘இல்லை’ என்றார் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. முடிவை யாராவது எதிர்த்து டிவிஷன், அதாவது பெயர் வாரியாக எண்ணும் வாக்கெடுப்பு, கேட்டால் நிலைமை மாறும். மணி மூன்றரை நிமிடம் ஒலிக்கும். நாடாளுமன்ற வளாகத்தில் எங்கே இருந்தாலும் ஓடிவர வேண்டும். பிறகு கதவுகள் அடைக்கப்படும். இருக்கையில் இருக்கும் பொத்தான்களில் பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் எந்தப் பக்கமும் இல்லை. திரையில் எண்கள் வந்ததும் ‘திருத்தத்துக்கு உட்பட்டு’ என்ற சொற்களோடு அவைத்தலைவர் முடிவை அறிவிப்பார். பொத்தான் வேலை செய்யாதவர்களும் தவறாக அழுத்தியவர்களும் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அவை நடவடிக்கைக் குறிப்பில் இரண்டு பெயர்ப் பட்டியல்கள் அச்சாகும். அடிக்குறிப்பில் சீட்டு மூலம் திருத்தியவர்களின் பெயர்கள். நம் ஊர்ப் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அந்த அகரவரிசையில் தேடுவது சிரமம். தேனி எம்.பி.யாக இருந்த ஓ.பி. ரவீந்திரநாத்தை மக்களவைப் பதிவுகளில் ‘பி. ரவீந்திரநாத் குமார்’ என்று தேட வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைப் பட்டுத்தான் தீர வேண்டும். ஒரு எம்.பி. சட்டமியற்றுபவராகச் செய்ததற்கு இருக்கும் ஒரே நேரடி ஆவணம் அது.

டிவிஷன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2020 செப்டம்பர் 20ஐப் பார்க்கலாம். வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. மறுநாள் எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த விவாதத்தில் அதிமுகவின் எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் மசோதாக்களைக் குறைகூறிப் பேசினார். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியோ அவற்றை வரவேற்றுக்கொண்டிருந்தார். பாலசுப்பிரமணியம் எந்தப் பக்கம் வாக்களித்தார்? பட்டியலே இல்லை. ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்த ஒரு சட்டத்துக்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயர் வாரியாக ஒரு தாள் கூட நாட்டிடம் இல்லை. 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் குரல் வாக்கெடுப்பில்தான். விவாதமும் இல்லை.

ஆகவே எந்த வாக்குகள் கட்டாயம் பதிவாகியிருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. அரசமைப்புச் சட்டத் திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை. சத்தத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது, எண்ணியே ஆக வேண்டும். அதனால்தான் 2023இல் மகளிர் இடஒதுக்கீட்டை மக்களவை 454க்கு 2 என்று நிறைவேற்றியபோது, எதிர்த்த இருவர் அசதுதீன் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்று நாட்டுக்கே தெரிந்தது. உங்கள் எம்.பி.யைப் படிக்கத் தொடங்க வேண்டிய இடம் இந்தத் திருத்தங்களின் பட்டியல்.

அடுத்த தடை கொறடா உத்தரவு. 1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியாக வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, 15 நாட்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவியே போகும். அரசைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புக்கு மட்டுமல்ல, எந்த மசோதாவுக்கும் இது பொருந்தும். ஆட்சியின் உயிர் சம்பந்தப்படாத விஷயங்களில் உறுப்பினர்களைக் கட்டிப்போடக் கூடாது என்று 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்சிகள் அதை மதித்ததாகத் தெரியவில்லை. நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா போன்றவற்றோடு கொறடாவின் அதிகாரத்தை நிறுத்த வேண்டும் என்று காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி ஒரு தடவைக்கு மேல் தனிநபர் மசோதா கொண்டுவந்தும் பலனில்லை.

பிரிட்டனில் வேறு வழக்கம். அங்கும் கொறடா உண்டு, கட்டாயம் கீழ்ப்படியச் சொல்லும் மூன்று கோடிட்ட உத்தரவும் உண்டு. மீறினால் கட்சி வெளியேற்றலாம், ஆனால் உறுப்பினர் பதவி போகாது. 2003 மார்ச்சில் இராக் போருக்கு எதிரான திருத்தத்தை டோனி பிளேரின் சொந்தக் கட்சியிலேயே 139 பேர் ஆதரித்தார்கள். 2019 செப்டம்பரில் போரிஸ் ஜான்சன் 21 பேரைக் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார். அன்று மாலையும் மறுநாளும் அவர்கள் எம்.பி.க்களாகவே இருந்தார்கள். அங்கே ஒருவரின் வாக்குப் பதிவு அவருடைய மனசாட்சியின் பதிவும் கூட. அதே வாசிப்பை இங்கே கொண்டுவந்து, ‘என் எம்.பி. இதற்கு வாக்களித்தாரே, என்ன மனிதர்!’ என்று கேட்பது நியாயமாகாது. இந்தியாவில் வாக்குப் பதிவு முதலில் கட்சியின் பதிவு.

கட்சியின் பதிவு என்று ஏற்றுக்கொண்டு படித்தால், அது எவ்வளவோ சொல்கிறது. பேச்சையும் வாக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்க்கும் தீர்மானம் மக்களவைக்கு வந்தது. அந்நிய முதலீடு கூடாது என்பது திமுகவின் கொள்கை. வாக்களித்ததோ அரசின் பக்கம். தீர்மானம் 253க்கு 218 என்று தோற்றது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தன. இரண்டுக்கும் சேர்ந்து 40க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். வித்தியாசம் 35தான்.

வெளிநடப்பு என்றாலே எதிர்ப்பு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அரசமைப்பின் 100ஆவது பிரிவுப்படி முடிவு, அவையில் இருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மை. எழுந்து வெளியே போகிறவர், ஜெயிக்கத் தேவையான எண்ணைக் குறைத்துவிட்டுப் போகிறார். 2019 ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் முத்தலாக் மசோதா 99க்கு 84 என்று நிறைவேறியது. அதிமுகவும் ஐக்கிய ஜனதா தளமும் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்பு செய்திருந்தன. அவ்விரு கட்சிகளின் உறுப்பினர்களும் உள்ளே இருந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். ஆகவே மசோதா தோற்கக்கூடிய நிலையில் இருக்கும்போது செய்யும் வெளிநடப்பை நான் பாதி ஆதரவாகவே கணக்கில் வைப்பேன். தோற்க வாய்ப்பே இல்லாத இடத்தில் செய்தால் அது வெறும் கண்டனம். 2016 ஆகஸ்டில் ஜிஎஸ்டி திருத்தத்தை எதிர்த்து அதிமுக மாநிலங்களவையை விட்டு வெளியேறியது அந்த வகை. 203க்கு 0 என்ற முடிவில் தமிழ்நாட்டின் ஆட்சேபத்துக்கு ஒரு எண்கூட மிஞ்சவில்லை.

அதே முத்தலாக் மசோதா ஐந்து நாள் முன்னால் மக்களவையில் வந்தபோது அதிமுகவின் ஒரே மக்களவை உறுப்பினராக இருந்த ரவீந்திரநாத் ஆதரித்துப் பேசினார். அவருடைய கட்சி மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசியது. ஒரே கட்சி, ஒரே மசோதா, ஒரே வாரம். தேனி வாக்காளர் ஒருவர் எந்த அதிமுகவுக்கு வாக்களித்தார்? இந்தக் கேள்விக்கு வருகைப் பட்டியலும் நிதிக் கணக்கும் எந்தப் பதிலும் தராது.

ஒரு கட்சியின் பதிவை வரிசையாக அடுக்கினால்தான் அதன் போக்கு புரியும். 2019 ஜனவரியில் பொருளாதார அடிப்படையிலான 10 சதவீத இடஒதுக்கீட்டை எதிர்த்து மக்களவையில் தம்பிதுரை பேசினார், அதிமுக வெளியேறியது. திமுக மாநிலங்களவையில் எதிர்த்தே வாக்களித்தது, அங்கே முடிவு 165க்கு 7. பிப்ரவரியில் அதிமுக பாஜகவோடு கூட்டணி அறிவித்தது. டிசம்பரில் குடியுரிமை மசோதாவுக்கு ஆதரவு. 2023 செப்டம்பரில் கூட்டணி முறிந்தது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் வக்ஃப் மசோதா மக்களவையில் 288க்கு 232, மாநிலங்களவையில் 128க்கு 95 என்று நிறைவேறியபோது அதிமுக எதிர்த்தது. அடுத்த வாரமே, ஏப்ரல் 11 அன்று, அமித் ஷா சென்னைக்கு வந்து கூட்டணியை மீண்டும் அறிவித்தார். கூட்டணி இருந்த மாதங்களில் எப்படி வாக்களித்தார்கள், இல்லாத மாதங்களில் எப்படி வாக்களித்தார்கள் என்று இரண்டு பத்திகளாகப் பிரித்துப் பார்த்தால், அடுத்து வரும் மசோதாவில் என்ன செய்வார்கள் என்று ஓரளவு கணிக்கலாம். திமுகவையும் இதே போல வாஜ்பாய் அரசில் இருந்த ஆண்டுகள், மன்மோகன் சிங் அரசில் இருந்த ஆண்டுகள், எதிர்க்கட்சியாக இருக்கும் ஆண்டுகள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்று பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா நிறைவேறியபோது திமுகவும் மதிமுகவும் அந்த ஆட்சிக் கூட்டணியில்தான் இருந்தன. நான்கு மாதம் கழியும் முன் மதிமுகவின் வைகோ அதே சட்டத்தில் கைதாகி, மக்களவை உறுப்பினராகவே வேலூர்ச் சிறையில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தார். எதிரியைப் பிடிக்கத்தான் சட்டம் என்று நம்பி ஆதரிக்கும் கூட்டணிக் கட்சிகள் எல்லாம் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய பக்கம் அது.

கட்சியின் கட்டை மீறிய தனிமனித வாக்குகளும் அபூர்வமாக உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் அதற்கு நிறைய மதிப்பெண் கொடுக்கலாம், காரணத்தைச் சரிபார்த்துவிட்டு. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தபோது, தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் கட்சி உத்தரவை மீறி அரசுக்கு எதிராக வாக்களித்தார், கட்சி அவரை நீக்கியது. 2008 ஜூலையில் அணுசக்தி ஒப்பந்தத்தை ஒட்டி நடந்த நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன் மக்களவைத் தலைவர் பதவியிலிருந்து விலகும்படி சோம்நாத் சாட்டர்ஜியை மார்க்சிஸ்ட் கட்சி கேட்டது. அவைத்தலைவர் கட்சிக்கு அப்பாற்பட்டவர் என்று மறுத்தார். பல பத்தாண்டுகள் உழைத்த கட்சி அவரை வெளியேற்றியது. இருவரும் பதவி, பணம் வாங்கிக்கொண்டு அணி மாறவில்லை, இழந்தார்கள். அணி மாறியதும் அமைச்சர் பதவி கிடைத்தவரின் ‘மனசாட்சி வாக்கை’ இதோடு சேர்க்கக் கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகு என் தேர்வு இதுதான். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யப் பதிவான வாக்குகளைப் பாருங்கள். ஐந்தாண்டில் உங்களுக்கு முக்கியமான ஐந்தாறு மசோதாக்களை நீங்களே தேர்ந்தெடுங்கள். விவசாயிக்கு ஒரு பட்டியல் இருக்கும், இடஒதுக்கீட்டில் படித்து வந்தவருக்கு வேறு பட்டியல், சிறுபான்மையினருக்கு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஆதரவு, எதிர்ப்பு, வெளிநடப்பு, வராமல் இருந்தது என்று நான்கில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். வெளிநடப்புக்குப் பக்கத்தில் வாக்கு வித்தியாசத்தையும் எழுதுங்கள். அந்தக் கட்சியில் இந்த மனிதரை மறுபடியும் அனுப்பலாமா, வேறொருவரை நிறுத்தச் சொல்லலாமா என்பதற்குக் கேள்விகளின் தரம், எதிர்க்கருத்துக் குறிப்பு, தனிநபர் மசோதா ஆகியவற்றைப் பாருங்கள். வருகையைத் தள்ளுபடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிதிக் கணக்கை, மற்ற எல்லாவற்றிலும் இருவர் சமமாக நிற்கும்போது எடுத்துப் பார்க்கலாம்.

இந்த முறையில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. குடியுரிமை மசோதாவின் தலைவிதியைத் தீர்மானித்த அந்த 12 பேர் மக்களவை உறுப்பினர்கள் அல்லர். அவர்கள் மாநிலங்களவையில் இருந்தார்கள். அவர்கள் நம் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருவதே இல்லை. தமிழ்நாட்டின் 18 மாநிலங்களவை இடங்களுக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் நம் சட்டமன்ற உறுப்பினர்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதுவும் வெளிப்படை வாக்கெடுப்பு, கட்சி முகவரிடம் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். ஆகவே மாநிலங்களவையின் வாக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் சட்டமன்றத் தேர்தல் பிரச்சாரக் கூட்டம். குடிநீர், பட்டா, சாலை என்று அங்கே வரும் வேட்பாளரிடம் கேட்பதற்கு ஆயிரம் இருக்கும். அவற்றோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: உங்கள் கட்சி மாநிலங்களவைக்கு அனுப்பிய ஆட்கள் 2019 டிசம்பர் 11 அன்று எங்கே உட்கார்ந்து எந்தப் பொத்தானை அழுத்தினார்கள், அடுத்த முறை நீங்கள் யாருக்குச் சீட்டைக் காட்டப் போகிறீர்கள்?